ஜான் ஹல்லும் இனவெறிக்கு எதிரான சமயக் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துப் பள்ளிகளில் சமயக் கல்வி சட்டப்படி கற்பிக்கப்பட வேண்டிய பாடம். அந்தப் பாடம் இனவெறிக்கு எதிராக ஏதாவது செய்ய முடியுமா, முடியுமென்றால் எந்த வகையில் என்ற கேள்வியை விடாமல் எழுப்பியவர்களில் முக்கியமானவர் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜான் ஹல். அவருடைய பணியைப் பற்றியும், அதிலிருந்து இன்றைய வகுப்பறைக்கு வந்து சேர்ந்திருக்கும் விவாதங்களைப் பற்றியும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஜான் ஹல் யார்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1935இல் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்துக்கு வந்து கேம்பிரிட்ஜில் இறையியல் படித்தார். சில ஆண்டுகள் பள்ளியில் சமயக் கல்வி ஆசிரியராக இருந்தார். 1968இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1989இல் பேராசிரியரானபோது, பிரிட்டனில் சமயக் கல்விக்கென்றே பேராசிரியர் பதவி பெற்ற முதல் ஆளானார். பிரிட்டிஷ் சமயக் கல்வி ஆய்விதழின் ஆசிரியராக ஏறத்தாழ கால் நூற்றாண்டு இருந்தார் என்பதால், இத்துறையில் நடந்த பெரிய வாக்குவாதங்கள் பலவும் அவருடைய தலையங்கங்களின் வழியாகவே நடந்தன. பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பேசும் சமயக் கல்விக் கருத்தரங்கு ஒன்றை 1978இல் தொடங்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர். 1980களின் தொடக்கத்தில் பார்வையை முழுவதுமாக இழந்தார். 2015இல் காலமானார்.

சமயக் கல்விக்கும் இனவெறிக்கும் என்ன தொடர்பு? இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் அல்லவா?

ஏட்டில் வெவ்வேறானவைதான், தெருவில் அப்படி இல்லை. ஹல் பர்மிங்காமுக்கு வந்த 1968ஆம் ஆண்டு ஏப்ரலில்தான், அதே நகரின் விடுதி ஒன்றில், ஈனோக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குடியேறிகளுக்கு எதிரான தம் பேர்போன உரையை ஆற்றினார். பவலின் தொகுதி பக்கத்து ஊரான வுல்வர்ஹாம்ப்டனில் இருந்தது. அங்கே அப்போது சூடாக இருந்த சண்டை எது தெரியுமா? பேருந்து ஓட்டும் சீக்கியர்கள் தலைப்பாகை அணியலாமா, தாடி வைக்கலாமா என்பது. அது சமயச் சண்டையா, இனச் சண்டையா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. தோலின் நிறத்தை வெளிப்படையாகப் பழிக்கத் தயங்குகிறவர் தலைப்பாகையைப் பழிப்பார். இன்று முக்காட்டைப் பழிக்கிறார்.

சட்டமும் இந்த முடிச்சில் சிக்கியது. தலைப்பாகையைக் கழற்றி முடியை வெட்டினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளி ஒரு சீக்கியச் சிறுவனிடம் சொன்ன வழக்கு, அப்போது நாட்டின் மேல்முறையீட்டு உச்ச மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 1976ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டப்படி சீக்கியர் ஓர் இனக்குழுவே என்று 1983இல் தீர்ப்பு வந்தது. யூதருக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் பல நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்களை ஒரே இனக்குழுவாக நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. சமயத்தைக் காரணமாகக் காட்டி வேலையில் பாகுபடுத்துவது பிரிட்டனில் சட்டவிரோதமானது 2003இல்தான். அந்த இருபது ஆண்டுகளில் ஒரே தெருவில் ஒரே வசவைக் கேட்ட இரண்டு சிறுவர்களில் ஒருவனுக்கு மட்டும் சட்டத்தின் துணை இருந்தது.

இங்கிலாந்தில் சமயக் கல்விப் பாடத்திட்டத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

தேசியப் பாடத்திட்டத்தில் அது இல்லை. 1944ஆம் ஆண்டுச் சட்டம் சமயப் போதனையைக் கட்டாயமாக்கியபோதே, என்ன கற்பிப்பது என்பதை ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியும் பேசி ஒப்புக்கொள்ளும் பாடத்திட்டத்துக்கு விட்டது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு பக்கத்தையும் பார்த்து எழுதிய ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது: பிரிட்டனின் சமய மரபுகள் பெரும்பாலும் கிறித்தவமே என்பதைப் பாடத்திட்டம் காட்ட வேண்டும், நாட்டில் உள்ள மற்ற முக்கியச் சமயங்களின் போதனைகளையும் நடைமுறைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். திருச்சபைகள் நடத்தும் பள்ளிகள் பலவற்றுக்கும், உள்ளாட்சியின் கட்டுப்பாட்டில் இல்லாமல் அரசு நிதியில் நடக்கும் அகாடமிப் பள்ளிகளுக்கும் விதிகள் வேறு.

1975ஆம் ஆண்டின் பர்மிங்காம் பாடத்திட்டம் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

அதற்கு முந்தைய பாடத்திட்டங்களின் நோக்கம், சொல்லியோ சொல்லாமலோ, பிள்ளைகளைக் கிறித்தவர்களாக வளர்ப்பதாக இருந்தது. பர்மிங்காம் பாடத்திட்டம் அதைக் கைவிட்டு, இந்து, இஸ்லாம், சீக்கியம், யூதம் ஆகியவற்றை அந்த நகரத்து மக்கள் வாழும் சமயங்களாகவே முன்வைத்தது. கூடவே கடவுள் நம்பிக்கையைச் சாராத மனிதநேயவாதத்தையும் கம்யூனிசத்தையும் வாழ்க்கை நிலைப்பாடுகளாகச் சேர்த்ததால் நாளேடுகள் கொதித்தன. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் வளர்த்த, ஒரு சமயத்தை அதைப் பின்பற்றுகிறவரின் கண்கொண்டு பார்க்கப் பழக்கும் முறையின் செல்வாக்கு அதில் இருந்தது.

பல சமயங்களைப் பற்றித் தெரிந்துகொண்டாலே பிள்ளைகளின் வெறுப்பு குறைந்துவிடாதா?

இந்த நம்பிக்கைதான் எழுபதுகளின் ஆசிரியர்களை இயக்கியது. சிறுபான்மைப் பிள்ளைகளின் கல்வியை ஆராய அரசு அமைத்த ஸ்வான் குழுவின் 1985ஆம் ஆண்டு அறிக்கையிலும் இதன் சாயல் உண்டு. ஆனால் எண்பதுகளில் இனவெறி எதிர்ப்பாளர்களே இதைக் கிண்டல் செய்தார்கள். சேலை, சமோசா, ஸ்டீல் பேண்ட் (கரீபிய எஃகு மேள இசைக்குழு) என்று மூன்று சொல்லில் அந்தக் கல்வியை மட்டம் தட்டினார்கள். ஒரு வாரம் தீபாவளி விளக்கு, மறுவாரம் ஈத் வாழ்த்து அட்டை என்று பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்போது, விளையாட்டு மைதானத்தில் வசவு அப்படியே இருந்தது. வேலை, வீடு, காவல்துறை ஆகியவற்றில் இருந்த பாகுபாட்டை அந்த வண்ணம் தொடவே இல்லை.

கிண்டலில் நியாயம் இருந்தது. ஆனால் கிண்டல் செய்தவர்களில் பலர் அதிலிருந்து எடுத்த முடிவு தவறு என்பது என் கருத்து. சமயம் என்பதே பண்பாட்டு அலங்காரம், அதிகாரத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் அதை ஒதுக்கி வைக்கலாம் என்று அவர்கள் எண்ணினார்கள். ஹல் எதிர்த்திசையில் போனார். வெறுப்பு சமயங்களுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட தூசி மட்டுமில்லை, அதில் ஒரு பகுதி வேதத்துக்குள்ளும் வழிபாட்டுக்குள்ளும் இறையியலுக்குள்ளும் விளைந்தது. ஆகவே அதைக் களையும் வேலையும் அங்கேயே நடக்க வேண்டும் என்றார். அவருடைய பங்களிப்பில் இன்றும் கூர்மை மழுங்காத பகுதி இதுதான்.

'ரிலிஜனிசம்' என்று ஹல் எதைக் குறித்தார்?

1992இல் சமய முன்முடிவுகள் எப்படித் தலைமுறை தாண்டுகின்றன என்பதைப் பற்றி எழுதிய தலையங்கத்தில் அவர் இந்தச் சொல்லைக் கையாண்டார். சமய மேட்டிமை என்று இங்கே சொல்லிக்கொள்வோம். இனத்துக்கு இனவெறி எப்படியோ, சமயத்துக்கு இது அப்படி. நாம் யார் என்ற அடையாளமே அவர்களைத் தள்ளி வைப்பதால் கட்டப்படும்போது, நம்முடைய நம்பிக்கை உயர்ந்தது என்பதற்கு அவர்களுடைய இழிவு சான்றாகத் தேவைப்படும்போது, அங்கே சமய மேட்டிமை இருக்கிறது. தனி ஆளின் மனத்தில் மட்டும் அது குடியிருப்பதில்லை. வழிபாட்டிலும் பாடநூலிலும் நிறுவனத்திலும் இருக்கிறது. அதனால், இனவெறியைப் பற்றிய தகவல்களைத் தருவதற்கும் இனவெறியை எதிர்த்துக் கற்பிப்பதற்கும் வேறுபாடு இருப்பதைப்போல, சமயங்களைப் பற்றிக் கற்பித்தால் மட்டும் போதாது, சமய மேட்டிமையை எதிர்த்தும் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார்.

இங்கிலாந்து வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். மத்தேயு நற்செய்தியில் இயேசுவின் இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று கூட்டம் கத்தும் வரி, பல நூற்றாண்டுகளாகப் புனித வாரத்தில் வாசிக்கப்பட்டு வந்தது. 1190இல் யார்க் நகரக் கோபுரத்துக்குள் அடைக்கலம் புகுந்த யூதர்கள் மாண்டார்கள். 1290இல் முதலாம் எட்வர்டு யூதர்களை நாட்டை விட்டே துரத்தினார். கடன் பாக்கி, அரசனின் பணத்தேவை என்று பல காரணங்கள் அதில் கலந்திருந்தன. ஆனாலும் அந்த வரி எந்தக் காதுகளில் எப்படி விழுந்தது என்று கேட்காமல் யூதர்களைப் பற்றிய பாடத்தையோ கிறித்தவத்தைப் பற்றிய பாடத்தையோ முடித்துவிட முடியாது.

அப்படியானால் தன் சமயமே உண்மை என்று நம்புவதே தவறு என்கிறாரா?

ஹல்லின் மீது வைக்கப்பட்ட கனமான விமர்சனம் இது. பிலிப் பார்ன்ஸ் என்ற கல்வியாளர் இதை விரிவாக எழுதினார். ஒரு கூற்று உண்மை என்று நம்புகிறவர் அதற்கு முரணான கூற்று பொய் என்று நம்பித்தான் ஆக வேண்டும். அது அறிவின் இயல்பு, மனிதரை வெறுப்பதோடு அதற்கு இயல்பான தொடர்பு இல்லை என்பது அவர் தரப்பு. எல்லாச் சமயமும் சமம் என்ற ஒரு குறிப்பிட்ட இறையியலைச் சகிப்புத்தன்மையின் பெயரால் பிள்ளைகள் மேல் திணிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

இதில் எனக்குப் பாதி உடன்பாடு. அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று சொல்லும் சிறுமியையோ, கிறிஸ்துவின் வழியாகவே மீட்பு என்று நம்பும் சிறுவனையோ இனவெறியர்களின் வரிசையில் நிறுத்தும் ஆசிரியர் அநீதி செய்கிறார்; அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் சிறுபான்மைக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பதால் அது இரட்டை அநீதி. ஆனால் ஹல்லின் கேள்வி நம்பிக்கையின் உள்ளடக்கத்தைவிட, அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. ஒரே கோட்பாட்டை ஒருவர் பணிவுக்கும் மற்றொருவர் அக்கம்பக்கத்தாரை வெளியேற்றுவதற்கும் பயன்படுத்தலாம். இந்த வேறுபாட்டை அவருடைய தலையங்கத்தின் வேகம் சில இடங்களில் மங்கவைத்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சமயங்களைக் கலந்து கூழாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் என்ன பதில் சொன்னார்?

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது நாடாளுமன்றத்தில் பலமுறை ஒலித்த குற்றச்சாட்டு அது. பல சமயக் கல்வி பிள்ளைகளுக்கு எதையும் உருப்படியாகத் தராமல் எல்லாவற்றையும் கலந்து ஊட்டுகிறது என்றார்கள். 1991இல் வெளியிட்ட சிறு நூலில் ஹல் அந்த உருவகத்தையே பிரித்து ஆராய்ந்தார். உணவு, கலப்படம், தூய்மை, மாசு என்ற மொழியில் ஒரு சமூகம் சமயங்களைப் பற்றிப் பேசும்போது, அது அஞ்சுவது பாடத்திட்டக் குழப்பத்தை அல்ல, எல்லைகள் கரைவதை. அந்த அச்சத்துக்கும் குடியேறிகளைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரே வேர் என்று காட்டினார். பந்தி, தீட்டு, தனிக்குவளை ஆகியவற்றின் வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு இந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை.

வகுப்பறையில் இது எப்படி இருக்கும்?

ஹல்லும் மைக்கேல் கிரிமிட் முதலிய தோழர்களும் தொடக்கப்பள்ளிக்காக 1991இல் வெளியிட்ட பாடமுறையில் ஒன்று பிள்ளையாரைப் பற்றியது. இந்துக்களின் நம்பிக்கைகள் ஐந்து என்று பட்டியல் போட்டுத் தொடங்குவதில்லை. பிள்ளையார் சிலை ஒன்று வகுப்புக்குள் வருகிறது. தும்பிக்கை எதற்கு, கையில் இருப்பது என்ன, காலடியில் எலி ஏன் என்று பிள்ளைகள் பார்த்துக் கேட்கிறார்கள். பிறகுதான் கதை, அதன்பின், இந்தப் பிள்ளையாரை வீட்டில் வணங்கும் ஒரு குழந்தையின் வாழ்வுக்குள் அந்தச் சிலையை வைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இது சாமி. இங்கே இருக்கிற நாம் எல்லாரும் வணங்க வேண்டியதில்லை என்று ஆசிரியர் தெளிவாக ஓர் இடைவெளியை உண்டாக்குகிறார். அந்த இடைவெளி இருப்பதால் முஸ்லிம் குழந்தையும் பெந்தெகொஸ்தே குழந்தையும் பயமில்லாமல் கிட்டே போகலாம். யானைத்தலையைக் கண்டு சிரிப்பது குழந்தைகளுக்கு இயல்பு. அந்தச் சிரிப்பு ஏளனமாக இறுகுவதற்கு முன்னால் வியப்பாக மாறுவதற்கு இடம் கொடுப்பதுதான் முறையின் நுட்பம். பாங்கு ஒலியையும் குரு நானக்கின் பாடலையும் லூர்து மாதாவையும் இதே வழியில் அணுகினார்கள்.

மேல் வகுப்புகளுக்கு என்ன செய்யலாம்?

அங்கே ஆவணங்கள் பேச வேண்டும். 1807இல் லண்டனில் அச்சிடப்பட்ட ஒரு விவிலியம் இதற்குப் பொருத்தமானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று அதன் முகப்பே சொல்கிறது. வழக்கமான சீர்திருத்தத் திருச்சபை விவிலியத்தில் 1,189 அதிகாரங்கள், இதில் 232. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரயேலர் வெளியேறும் கதை இல்லை. அடிமையென்றும் சுதந்திரனென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபம் சொல்லும் வசனம் இல்லை. அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதியது இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு பட்டியலையும் கொடுத்து, எதை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டால், அதிகாரம் வேதத்தை என்ன செய்யும் என்பதை ஆசிரியர் விரிவுரையாற்ற வேண்டியதில்லை. வெட்டியவர்கள் எந்தக் கதைக்குப் பயந்தார்கள் என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரியும்.

அதே காலத்தில் பார்பேடோஸ் தீவின் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்கள் நற்செய்தி பரப்பும் சங்கமான எஸ்.பி.ஜி.க்குச் சொந்தமாக இருந்தன. 1710இல் உயில் வழியாக வந்த சொத்து அது. அங்கே அடிமைகளின் மார்பில் 'சங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சூடு போட்டிருந்தார்கள். அடிமை முறை ஒழிந்தபோது 411 பேருக்கு இழப்பீடாக 8,823 பவுண்டு சங்கத்துக்குக் கிடைத்தது, அடிமைகளுக்குக் கிடைக்கவில்லை. தமிழர்களுக்கு இந்தச் சங்கம் அந்நியமானதில்லை. 1841இல் எஸ்.பி.ஜி.யில் சேர்ந்து, இடையன்குடியில் தங்கி, திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தவர்தான் கால்டுவெல். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த கையும் சூடு போட்ட கையும் ஒரே நிறுவனத்தின் கைகள் என்பதை மாணவர் முன் வைக்கும்போது, எந்த ஒன்றையும் மறைக்காமல் வைக்க வேண்டும்.

கிறித்தவத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

நியாயமில்லை, வரலாறும் அப்படி இல்லை. 1831இன் இறுதியில் ஜமைக்காவில் எழுந்த பெரும் அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சாம் ஷார்ப் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன் என்ற பொறுப்பில் இருந்தவர். 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். வெட்டப்படாத விவிலியத்தைப் படித்தவர் அவர். அதேபோல 1948க்குப் பின் கரீபியனிலிருந்து வந்த கிறித்தவர்கள் இங்கிலாந்துத் திருச்சபைகளில் முகம் திருப்பலைச் சந்தித்தபோது, பலர் தங்களுக்கென்று சபைகளைக் கட்டினார்கள். இன்று லண்டனிலும் பர்மிங்காமிலும் உயிர்த்துடிப்புள்ள கறுப்பினச் சபைகள் பலவற்றுக்கு அந்த அவமதிப்பு ஒரு காரணம். கிறித்தவப் பாடத்தில் இவர்களும் இடம்பெற வேண்டும். பாடநூலின் கிறித்தவர் எப்போதும் வெள்ளையராகவே இருந்தால், அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நைஜீரிய, ஜமைக்கா, மலையாள, தமிழ்க் கிறித்தவப் பிள்ளைகளின் கதி என்ன?

ஹல் தாமே கிறித்தவர், அதுவும் இறுதிவரை. தம் வீட்டிலிருந்து தொடங்குவதுதான் அவர் வழி.

அவர் பார்வை இழந்ததற்கும் இந்தச் சிந்தனைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே படுகிறது. பார்வையற்றவராக விவிலியத்தை மீண்டும் படித்தபோது, குருடு என்ற சொல் அறியாமைக்கும் பாவத்துக்கும் பெயராக அங்கே திரும்பத் திரும்ப வருவதை அவர் தவிர்க்க முடியாமல் கவனித்தார். அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பார்வையுள்ளவர்கள் எழுதிய நூல் இது என்பதை ஒத்துக்கொண்டு, அதோடு வாதாடி, ஆனால் அதை விட்டு விலகாமல் இருந்தார். யூதரும் கறுப்பினத்தவரும் பெண்களும் தலித்துகளும் வேதங்களோடு நடத்தும் வாதமும் இதே வகைதான்.

இந்து சமயப் பாடத்தில் சாதியைப் பேசலாமா?

பேசத்தான் வேண்டும், எப்படி என்பதில்தான் சிக்கல். பழைய ஆங்கிலப் பாடநூல்களில் ஒரு முக்கோணம் இருக்கும்: உச்சியில் பிராமணர், அடியில் சூத்திரர், கோட்டுக்கு வெளியே தீண்டாதார். இந்து சமயம் என்றால் இதுதான் என்று பக்கம் முடிந்துவிடும். அதைப் படித்த வெள்ளைப் பிள்ளை அடுத்த இருக்கைப் பிள்ளையைப் பார்த்து நீ எந்தச் சாதி என்று கேட்கும். இந்து அமைப்புகள் இதை எதிர்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் சாதி காலனிக்காரன் கட்டிய கதை, பாடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்ற கோரிக்கையை ஏற்றால், ஹல் சொன்ன சமய மேட்டிமையின் நம் வீட்டு வடிவத்துக்கு மட்டும் விலக்கு அளித்ததாகும்.

சாதி இங்கிலாந்தை விட்டு எட்டப் போய்விடவும் இல்லை. பஞ்சாபிலிருந்து வந்த, குரு ரவிதாசைப் பின்பற்றும் ஒடுக்கப்பட்ட சாதியினரான ரவிதாசியர்கள் பர்மிங்காமிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்களுக்கென்று தனிக் கோயில்கள் கட்டியதற்குப் பின்னால் சாதி இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியை இனத்தின் ஒரு கூறாகச் சேர்க்க அரசுக்கு வழி வைத்தார்கள். 2013இல் அதைக் கடமையாகவே மாற்றினார்கள். 2018இல் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. நல்ல பாடம் அம்பேத்கரிடமிருந்து தொடங்கலாம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியது, சமயமும் சமூக நீதியும் ஒரே நாளில் சந்தித்த நிகழ்வு. பௌத்தம் என்றால் கண்மூடித் தியானம் என்று மட்டும் நினைக்கும் ஆங்கிலப் பாடநூலுக்கும் அது நல்ல மருந்து. தமிழ்க் கிறித்தவர்களின் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவர் எழுந்ததுண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், இது இந்துக்களை மட்டும் குறிவைக்கும் பாடம் இல்லை என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் தங்களைக் காண்கிறார்களா?

அரைகுறையாக. தொடக்கப்பள்ளியில் தீபாவளி என்றால் இராமனும் சீதையும் அயோத்தி திரும்பிய கதைதான். ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு தமிழ்க் குழந்தை, நரகாசுரனைக் கொன்ற நாள் என்று எங்கள் அம்மம்மா சொன்னார் என்று கையைத் தூக்கினால், அது தவறான விடையாகிவிடும் அபாயம் உண்டு. வாரிக் பல்கலைக்கழகத்தின் இராபர்ட் ஜாக்சன் இதற்கு ஒரு வழி சொன்னார். கவென்ட்ரி முதலிய இடங்களில் இந்துக் குடும்பங்களின் பிள்ளைகளைக் களத்தில் ஆய்ந்த அவர், சமயம் என்பதை ஒரே அச்சில் வார்த்த பெரும் கட்டமைப்பாகக் காட்டாமல், தனி மனிதர், அவர் சேர்ந்த குழு, பரந்த மரபு என்ற மூன்றுக்கும் இடையே போய்வந்து புரிந்துகொள்ள வேண்டும் என்று 1990களில் எழுதினார். இந்துக்கள் எல்லாரும் இப்படி, முஸ்லிம்கள் எல்லாரும் அப்படி என்ற பேச்சே இனவெறியின் அரிச்சுவடி என்பதால், ஹல்லின் வழிக்கு ஜாக்சன் நல்ல துணை.

இனவெறி எதிர்ப்பு அரசியல் அல்லவா? பள்ளிக்குள் அதற்கு அனுமதி உண்டா?

கட்சிச் சார்பாகக் கற்பிப்பதை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தடுக்கிறது. கருத்து வேறுபாடுள்ள அரசியல் விஷயங்களைச் சமநிலையோடு முன்வைக்கச் சொல்கிறது. 2020 அக்டோபரில் அப்போதைய சமத்துவ அமைச்சர் கெமி பேடனாக், வெள்ளையராகப் பிறந்ததாலேயே சில அனுகூலங்கள் கிடைக்கின்றன என்னும் வெள்ளையர் சலுகை என்ற கருத்தை மறுப்பில்லாத உண்மையாகக் கற்பிப்பது சட்டமீறல் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2022இல் அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஆனால் இனவெறி தவறு என்று கற்பிப்பதை அவை எதுவும் தடுக்கவில்லை. கோட்பாட்டுச் சொற்களை விட்டுவிட்டு ஆவணத்தையும் வழக்கையும் மேசைமேல் வைக்கும் ஆசிரியருக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை.

2020க்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது?

அந்த ஆண்டு பிப்ரவரியில், 1948 முதல் கரீபியனிலிருந்து வந்து குடியேறிய விண்ட்ரஷ் தலைமுறைக்கு இழைத்த இனவெறிக்காக இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை மன்னிப்புக் கேட்டது. அப்போதைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, திருச்சபை நிறுவனமாகவே இனவெறி உள்ளது என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபுளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட பிறகு ஆசிரியர் அமைப்புகள் இனவெறி எதிர்ப்புச் சமயக் கல்விக்கென்று பாடப் பொருள்களை உருவாக்கின. வேல்ஸ் இன்னும் தூரம் போனது: சார்லட் வில்லியம்ஸ் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 2022 முதல் கறுப்பின, ஆசியச் சமூகங்களின் வரலாறும் அனுபவங்களும் அங்கே புதிய பாடத்திட்டத்தில் கட்டாயமாயின.

பெற்றோர் பிள்ளையை இந்தப் பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாமா?

இங்கிலாந்தில் முடியும், 1944 முதல் உள்ள உரிமை அது, காரணம் சொல்லவும் தேவையில்லை. பாடம் முழுவதிலிருந்தும் விலக்கலாம், ஒரு பகுதியிலிருந்தும் விலக்கலாம். இந்த இரண்டாவதுதான் ஆசிரியர்களைக் கவலைப்படுத்துகிறது. பிள்ளை தேவாலயத்துக்குப் போகும், மசூதிக்கு மட்டும் போகாது என்று கடிதம் வரும்போது, சமயச் சுதந்திரத்துக்காக எழுதிய உரிமை வேறொன்றுக்குப் பயன்படுகிறது. அப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் வெள்ளையர் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டாம். வேல்ஸின் புதிய பாடத்திட்டத்தில் இந்த உரிமை நீக்கப்பட்டுவிட்டது.

உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் தமிழ்ப் பெற்றோர் தலையிட வழி உண்டா?

ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் சாக்ரே எனப்படும் சமயக் கல்வி ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அதில் நான்கு பிரிவுகள்: இங்கிலாந்துத் திருச்சபை, பிற கிறித்தவப் பிரிவுகளும் ஏனைய சமயங்களும், ஆசிரியர் சங்கங்கள், உள்ளாட்சி. மனிதநேயவாதி ஒருவரை அவர் மனிதநேயவாதி என்பதற்காகவே இரண்டாவது பிரிவிலிருந்து விலக்க முடியாது என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இந்துக்களுக்கான இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், முருகன் கோயிலுக்கோ அம்மன் கோயிலுக்கோ போகிறவர்களின் குரல் அதில் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பாடத்திட்டத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்பதால், அடுத்த மறுபரிசீலனை எப்போது என்று சாக்ரே செயலரிடம் கேட்டு, அதற்கு முன்பே எழுதி அனுப்புவது நல்லது. பிள்ளை படிப்பது அகாடமியாக இருந்தால் உள்ளூர்ப் பாடத்திட்டம் அதைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். அப்போது நேராகப் பள்ளியின் சமயக் கல்விப் பொறுப்பாசிரியரைப் பார்த்துப் பேச வேண்டும்.